ஷவரில் அடைப்பது சுண்ணாம்பா, கறளா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடி, நான்காம் மாடி, குடிவந்து இரண்டு வருடம். ஷவரின் துவாரங்களில் பாதி அடைத்துவிட்டது. மிச்சப் பாதியால் தண்ணீர் நாலு பக்கமும் சீறி உங்களை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டுகிறது. படிவு வெள்ளையாகவும் இருக்கிறது, இடையிடையே செம்மஞ்சளாகவும் இருக்கிறது. வினாகிரியில் ஊற வைத்தால் திறக்கிறது, ஒரு மாதத்தில் பழையபடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமி ‘இது சுண்ணாம்புத் தண்ணி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கடைக்காரர் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு நீரை மென்மையாக்கும் கருவி ஒன்றைக் காட்டுகிறார். தலைமுடியும் கொட்டுகிறதாம். ‘எப்படிச் சுத்தம் செய்வது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதை ஏற்கனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஏன் இது திரும்பத் திரும்ப வருகிறது, அந்தக் கருவி அதை நிறுத்துமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொழும்பில் தொடர்மாடிகளின் தண்ணீர்க் குழாய், தாங்கி, மோட்டார் வேலைகளில் இருபது வருடத்துக்கு மேல் கழித்தவன் நான். கருவியை இப்போது வாங்காதீர்கள். அது கூடாத பொருள் என்பதால் சொல்லவில்லை. எது அடைக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பொருள் என்பதால் சொல்கிறேன்.

மாமி சொன்னது அவருடைய ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துக்காக வெட்டியெடுத்த கல் அதுதான். அந்தக் கல்லுக்குள்ளேதான் எங்கள் கிணறுகளும் இறங்குகின்றன. மழைநீர் மண்ணுக்குள் போகும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது, அந்த அமிலம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்து வருகிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கினாலோ காயவிட்டாலோ காபனீரொட்சைட்டு பறந்துவிடும், கரைந்திருந்த கல் திரும்பவும் கல்லாக உட்காரும். எங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் அம்மா கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்த வெள்ளைத் தகடு அதுதான். சவர்க்காரம் நுரைக்காததும் அதனால்தான்.

கொழும்பின் குழாய் நீர் வேறு சாதி. களனி ஆற்றில் அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கும் நீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீரும் மழையும் மலையும் தந்தவை. அவை ஓடிவரும் பாறை சுண்ணாம்புக்கல் இல்லை, எளிதில் கரையாத பழம்பாறை. ஆகவே அது இயல்பிலேயே மென்மையான நீர். நீரின் கடினத்தை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்று அளப்பார்கள். 60க்குக் கீழே மென்மை, 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பொதுவாகப் பயன்படுத்தும் வகுப்பு. குழாய் நீர் மட்டும் வரும் கொழும்பு வீட்டில் ஒரு மாதத்தில் ஷவர் அடைபடும் அளவுக்குச் சுண்ணாம்பு படிவதை நான் கண்டதில்லை. வெந்நீர் ஹீற்றர் உள்ள இடத்தில் வருடக்கணக்கில் மெல்லிய வெள்ளைப் பூச்சு வரும், அது வழமை. ஒரு மாதத்தில் என்றால் வேறு தண்ணீர் எங்கிருந்தோ சேர்கிறது என்றுதான் முதலில் நினைப்பேன்.

அந்த வேறு தண்ணீர் பெரும்பாலும் உங்கள் கட்டடத்தின் கீழேயே இருக்கும். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமுள்ள தொடர்மாடிகள் பலவற்றில் கிணறோ குழாய்க்கிணறோ உண்டு. தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் என்று தோண்டியது, தண்ணீர் வெட்டு வரும் நாட்களில் நிலத்தடித் தாங்கிக்குள்ளும் விடப்படும். பிறகு அதுவே பழக்கமாகிவிடும், தண்ணி பில்லும் குறையும். மேல்மாடியில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உங்கள் கட்டடத்திலும் இதுதான் நடக்கிறது என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளையும் செம்மஞ்சளும் சேர்ந்து வருகிறது என்று நீங்கள் எழுதியதுதான் என் சந்தேகத்தைக் கிளப்பியது.

செம்மஞ்சளாகப் படிவது இரும்பு, அதாவது கறள் என்கிற துரு. கொழும்பையும் புறநகரையும் சுற்றியுள்ள கபூக் என்கிற செம்மண்பாறை மண்ணில் இரும்பு தாராளம். நிலத்தடியில் காற்றுப் படாத வரை அது தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மேலே எடுத்ததும் பளிங்கு மாதிரி இருக்கும் தண்ணீர் அரை மணியில் மங்கி, மறுநாள் அடியில் காவி நிறத்தில் படியும். லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வெள்ளைத் துணியிலும் பேசினிலும் கறை விழத் தொடங்கும். அவ்வளவு சிறிய அளவு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதில் உண்டு. நீர் வழங்கல் சபையின் குழாய் நீரில் கிருமிக்காகக் குளோரின் இருக்கிறது. இரும்புள்ள கிணற்று நீரும் குளோரின் உள்ள குழாய் நீரும் ஒரே தாங்கியில் சந்தித்தால், குளோரின் அந்த இரும்பைக் கையோடு கறளாக்கிவிடும். கிணற்று நீர் தனியாகத் தெளிவு, குழாய் நீர் தனியாகத் தெளிவு, இரண்டையும் கலந்தால் காவித்தூள். அந்தத் தூள் தாங்கியின் அடியில் கொஞ்சம், பைப்பில் கொஞ்சம், மிச்சம் உங்கள் ஷவரின் ஊசித் துவாரங்களில். அதைவிடக் கவலையான பக்கமும் உண்டு: இரும்போடு மல்லுக்கட்டியே குளோரின் செலவாகிவிடுவதால், கிருமியைக் கொல்லத் தாங்கியில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். குடிக்கவும் அதே தாங்கி நீர்தான் என்றால், ஷவரை விட இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டடத்துக்கு இதே முறைப்பாட்டில் போயிருந்தேன். மூன்று குடும்பங்கள் ஆளுக்கொரு ஷவர் மாற்றிவிட்டன, ஒருவர் ஹீற்றரையே மாற்றிவிட்டார். கீழே இறங்கி, பகல் காவலுக்கு நின்ற ஐயாவோடு ஒரு பிளேன்ரீ குடித்ததில் விஷயம் வெளியே வந்தது. இரவு பத்து மணிக்குமேல் கிணற்று மோட்டாரைப் போட்டுத் தாங்கியை நிரப்பச் சொல்லியிருந்தார்களாம், ஒன்றரை வருடமாக. அந்த வால்வை மூடி, இரண்டு தாங்கிகளையும் இறைத்துக் கழுவியதோடு முறைப்பாடு நின்றது. ஆகவே நீங்களும் முதலில் காவலாளியிடம் பேசுங்கள். முகாமைத்துவக் குழுவுக்குக் கடிதம் எழுதுவது அதற்குப் பிறகு.

கடற்கரைக் கிணறு என்றால் வெள்ளைக்கும் அதே இடத்தில் விடை இருக்கலாம். கடல் நீர் லீற்றரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியமும் 1300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கிறது. கிணற்றை அதிகமாக இறைத்து, நூற்றுக்கு ஐந்து பங்கு கடல் நீர் உள்ளே வந்தால்கூட, அதனால் மட்டும் கடினம் 300ஐத் தாண்டிவிடும். அதாவது கிணற்றில் சவர் (கடல் உப்பு) ஏறினால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்துத் தண்ணீர் கிடைக்கும்.

இதையெல்லாம் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஷவரைக் கழற்றி, வெள்ளைப் படிவைக் கொஞ்சம் சுரண்டி ஒரு கோப்பையில் போடுங்கள். முதலில் வெறும் தண்ணீரில். கரைந்தால் அது உப்பு. கரையாவிட்டால் வினாகிரி விடுங்கள். நுரைத்துக் குமிழி விட்டுக் கரைந்தால் சுண்ணாம்பு, அதில் சந்தேகமே வேண்டாம். நுரைக்கவும் இல்லை, கரையவும் இல்லை என்றால் அது மணலாகவோ பிளாஸ்ரிக் துகளாகவோ பிளம்பர் அளவில்லாமல் சுற்றிய வெள்ளை டேப்பின் நாராகவோ இருக்கும். அந்த டேப்பைச் சிரித்துத் தள்ளாதீர்கள், ‘சுண்ணாம்பு’ என்று கூப்பிட்ட பல வீடுகளில் நான் சாமணத்தால் இழுத்து எடுத்தது அதைத்தான். கறுப்பாக, விரலில் மை போல ஒட்டினால் ரப்பர் வாஷரோ உள்ளே ரப்பர் போட்ட வளையும் ஹோஸோ உக்கியிருக்கலாம், மங்கனீசாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். இளஞ்சிவப்பு வழுவழுப்பு என்றால் அது கிருமிப் படலம், தேய்த்தால் போய்விடும்.

அடுத்தது போத்தல் சோதனை. உள்ளே இருப்பது தெரியும்படியான மூன்று வெள்ளைப் போத்தல் எடுங்கள். ஒன்றில் உங்கள் ஷவர் தண்ணீர், ஒன்றில் கீழே மீற்றருக்குப் பக்கத்தில் சபையின் நீர் நேரடியாக வரும் குழாயில் பிடித்தது, மூன்றாவதில் கிணற்று நீர். மூடி, ஒரு நாள் அசையாமல் வைத்துப் பாருங்கள். எதன் அடியில் காவி படிகிறது என்று தெரிந்துவிடும். பிறகு மூன்றிலிருந்தும் ஒரே அளவு ஊற்றி, ஒரே அளவு சவர்க்காரத் துருவல் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர் மாதிரித் திரிந்தால் அது கடின நீர். இது துல்லியமான அளவு தராது, ஆனால் எந்த வழியால் வருகிறது என்பதைக் காட்டிவிடும். எண்ணாகவே வேண்டுமென்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்திலோ கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். மொத்தக் கடினம், இரும்பு, மங்கனீசு, குளோரைட்டு, பீஎச் என்று கேளுங்கள். கருவி வாங்கும் காசோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

சரி, சுத்தம் செய்யும் விஷயம். ஷவர்த் தலையைக் கழற்றும்போது ஸ்பானரின் பல் நேரே குரோமில் படாமல் ஒரு துணியைச் சுற்றுங்கள். கழற்றியதும் துவாரங்களை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். பைப் சேரும் வாயில் சின்ன வலை ஒன்று இருக்கும். காவித்தூளில் பெரும்பகுதி அங்கேதான் குந்தியிருக்கும். அதைத் தட்டிக் கழுவினாலே பாதி ஷவர்கள் உயிர்த்துவிடும். தலையைப் பூட்டுவதற்கு முன் வெறும் பைப்பை ஒரு நிமிடம் முழுதாகத் திறந்து ஓடவிடுங்கள். ஹீற்றர் பூட்டியிருந்தால் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் உள்ளே போகும் வாயிலுள்ள வலையையும் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள். முன்பக்கத்தில் மெத்தென்ற ரப்பர் முனைகள் உள்ள ஷவர் என்றால், தண்ணீர் ஓடும்போது பெருவிரலால் அழுத்தித் தேய்த்தாலே காய்ந்த சுண்ணாம்பு உடைந்து கொட்டும். வாரத்துக்கு ஒருமுறை தலை துவட்ட முன் பத்து விநாடி, அவ்வளவுதான் வேலை.

வினாகிரி வைப்பதென்றால் கடையில் விற்கும் சாதாரண செயற்கை வினாகிரி போதும், அதில் அசற்றிக் அமிலம் நூற்றுக்கு நான்கு ஐந்து இருக்கும். விலை கூடிய தென்னை வினாகிரியைக் குசினியிலேயே விடுங்கள். கழற்ற முடியாத ஷவர் என்றால் ஒரு சொப்பிங் பேக்கில் ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பட்டியால் கட்டுங்கள். குரோம் பூச்சுக்கு அரை மணி, கூடினால் ஒரு மணி. இரவு முழுக்க வைக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கறுப்பு, தங்க நிறப் பூச்சுகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆபத்து, அவற்றுக்குச் சவர்க்காரத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் மட்டும். இரும்புக் கறளை வினாகிரி அவ்வளவாக அசைக்காது. அதற்குச் சிற்றிக் அமிலத் தூள் நல்லது, கால் லீற்றர் சூடான நீருக்கு ஒரு மேசைக்கரண்டி. தேசிக்காய்ப் பாதியால் தேய்ப்பதும் அதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

வினாகிரியோடு அப்பச்சோடாவைக் கலந்து பொங்க வைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பொங்குவது பார்க்க அழகு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று முடித்த பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர், சுண்ணாம்பைக் கரைக்க அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்று சிரிப்பு விஷயமே இல்லை: வினாகிரியோ கழிப்பறை அமிலமோ எதுவானாலும், வெளுக்கும் குளோரின் திரவத்தோடு சேரக்கூடாது. நச்சு வாயு வரும், அடைத்த குளியலறைக்குள் அது உயிரோடு விளையாட்டு. கழிப்பறை அமிலத்தைத் தனியாகக்கூட ஷவரில் போடாதீர்கள். தொழில் தொடங்கிய புதிதில், அவசரத்தில், நானே ஒரு வீட்டில் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் சுண்ணாம்பு போனது, கூடவே குரோமும் போய் உள்ளேயிருந்த பித்தளை சிவந்து தெரிந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்றைய கூலியில் புது ஷவர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அமுக்கக் குறைவை அடைப்பு என்று நினைப்பதும் நடக்கும். தலையைக் கழற்றிய வெறும் பைப்பிலும் தண்ணீர் சோம்பலாக வந்தால் ஷவரில் பிழை இல்லை. பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அமுக்கம் என்பது கணக்கு. மொட்டைமாடித் தாங்கிக்கு இரண்டு மீற்றர் கீழே இருக்கும் மேல்மாடிக்காரருக்குக் கிடைப்பது 0.2 பார்தான், அதில் தட்டு மாதிரிப் பெரிய மழை ஷவரைப் பூட்டினால் சொட்டத்தான் செய்யும். உங்கள் நான்காம் மாடிக்கு மேல் எத்தனை மாடி என்று நீங்கள் எழுதவில்லை.

இனி அந்தக் கருவி. அது வேலை செய்யும் விதம் இதுதான்: உள்ளேயுள்ள பிசின் மணிகள் தண்ணீரிலிருந்து கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும், அவ்வப்போது உப்புக் கரைசலால் அந்த மணிகளைக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். உண்மையான கடின நீருக்கு இது நிச்சயமாக வேலை செய்யும். ஆனால் கறளாகிவிட்ட இரும்புத் தூள் உள்ள தண்ணீரை அதற்குள் விட்டால் மணிகள் மேல் காவி படிந்து கருவியே அடைத்துவிடும். உங்கள் பிரச்சினை இரும்பு என்றால், ஒன்றரை இலட்சத்துக்கு இன்னொரு அடைபடும் பொருளை வாங்கியதாகிவிடும். இரும்புக்குச் செய்ய வேண்டியது கிணற்று நீரைக் காற்றுப்பட விட்டு, படிய வைத்து, மணலில் வடிப்பது. அது கட்டடத்துக்கு ஒன்றாகச் செய்யும் வேலை, ஒரு வீட்டுக் குளியலறையில் முடியாது. பைப்பில் கட்டும் காந்தக் கருவிகளைப் பற்றிய பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணானவை, என் காசை அதில் போட மாட்டேன். ஷவரில் பூட்டும் கரி வடிகட்டிகள் குளோரின் மணத்தைக் குறைக்கும், கடினத்தைத் தொடாது.

முடி கொட்டுவதைப் பற்றி ஒரு பிளம்பர் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். கடின நீரில் சவர்க்காரம் சரியாகப் போகாமல் முடி சொரசொரப்பாவதும் பிசுபிசுப்பதும் உண்மை. அதனால் வேரோடு கொட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தோலைப் பற்றி ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது: இங்கிலாந்தில் கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோய் உள்ள 336 சிறுவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டில் மென்மையாக்கும் கருவியைப் பூட்டிப் பார்த்தார்கள், 2011இல் முடிவு வந்தது, கருவியால் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. ஆகவே முடிக்காகக் கருவி வாங்க நினைத்தால், அதற்கு முன் தோல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இந்த வாரம் காவலாளியிடம் பேச்சு, கோப்பையில் வினாகிரி, மூன்று போத்தல். இந்த மூன்றையும் செய்துவிட்டு, எந்தப் போத்தலின் அடியில் என்ன நிறம் படிந்தது என்று எழுதுங்கள். மொட்டைமாடித் தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியது அது. ‘கட்டினதிலிருந்து ஒருக்காலும் இல்லை’ என்ற பதில் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், நான் அதிகம் கேட்ட பதில் அதுதான்.